மதுரையிலிருந்து கரி இன்ஜின் பார்க்கக் கிளம்புகிறீர்களா? மூன்று தடவை கோட்டை விட்டவன் சொல்கிறேன்

நீலகிரி (ஊட்டி) மலை ரயிலில் ஓடுகிற நீராவி இன்ஜினைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று நான் மதுரையிலிருந்து கிளம்பியது நான்கு முறை. முதல் முறை சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவரிடம் பணம் கட்டினேன். "மலை ரயில் டிக்கெட்டும் இதிலேயே சேர்ந்துதான் சார்" என்றார். குன்னூரில் கொண்டுபோய் ஏற்றிவிட்டார். ரயிலை இழுக்க வந்து நின்றது டீசல் இன்ஜின். இரண்டாம் முறை நானே டிக்கெட் எடுத்தேன். மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்குள் மூச்சிரைக்க ஓடியபோது மணி 7:25. ரயில் 7:10-க்கே போயிருந்தது. மூன்றாம் முறை முதல் நாளே போய்த் தங்கினேன். அது நவம்பர் மாதம். ராத்திரி பெய்த மழையில் பாதையில் மண் சரிந்து ரயில் ரத்து.

நான்காம் முறைதான் கிடைத்தது. அதுவும் அரசரடியில் இருக்கும் என் மாமா, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், "மாப்ள, உனக்கு ஊட்டி வேணுமா, இன்ஜின் வேணுமா? அதை மொதல்ல சொல்லு" என்று கேட்ட பிறகு. அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

1. நிற்கிற இன்ஜினா, ஓடுகிற இன்ஜினா?

பாதுகாக்கப்பட்ட நீராவி இன்ஜின்கள் நம் மாநிலத்தில் இரண்டு விதமாகக் கிடைக்கும். பெயின்ட் அடித்து மேடையில் நிறுத்தி வைத்தவை ஒரு விதம். திருச்சி ஜங்ஷனுக்குப் பக்கத்தில் 2014-இல் திறந்த ரயில் அருங்காட்சியகத்திலும், சென்னை பெரம்பூர் ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) அருகே உள்ள ரயில் அருங்காட்சியகத்திலும் இவற்றைப் பார்க்கலாம். இன்றும் நெருப்பு மூட்டி, தண்ணீர் குடித்து, தினம் வேலைக்குப் போகிறவை இன்னொரு விதம். இந்த இரண்டாவது ரகத்துக்கு மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதைதான் இடம்.

புதிதாக இந்த ஆசை பிடித்தவர்கள் முதலில் திருச்சிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் இரண்டரை, மூன்று மணி நேரம். காலையில் வைகை எக்ஸ்பிரஸில் போனால் இன்னும் சீக்கிரம். முன்பதிவு, அனுமதி எதுவும் வேண்டாம். திங்கட்கிழமையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், ரயில் அருங்காட்சியகங்களுக்குப் பொதுவாக அன்றுதான் விடுமுறை. நின்றுகொண்டிருக்கும் இன்ஜினில் சிலிண்டர் எது, பிஸ்டன் தண்டு எது, சக்கரத்தைச் சுழற்றும் இணைப்புத் தண்டு எது என்று நிதானமாகத் தொட்டுப் பார்க்கலாம். இதைப் பார்த்துவிட்டு மலைக்குப் போனால், அங்கே எல்லாம் அசையும்போது என்ன நடக்கிறது என்று புரியும். நான் தலைகீழாகச் செய்தேன். மலையில் பாதி விஷயம் கண்ணில் படவே இல்லை.

திருச்சி வரை போகிறோமே, பொன்மலைப் பணிமனைக்குள்ளும் ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். நீலகிரிக்கான புது நீராவி இன்ஜின்களைச் செய்தது அங்கேதான், உண்மை. ஆனால் அது வேலை நடக்கும் இடம், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இனி சொல்வதெல்லாம் மலை ரயிலைப் பற்றியது.

2. எந்த ரயில், எதுவரை டிக்கெட்?

இங்கேதான் பெரும்பாலானோர் விழுகிறார்கள்.

மலை ரயிலின் மொத்தப் பாதை 46 கிலோமீட்டர், மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை. ஆனால் நீராவி இன்ஜின் வழக்கமாக ஓடுவது மேட்டுப்பாளையம் – குன்னூர் பகுதியில் மட்டும். குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு டீசலை மாட்டுவார்கள். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே ஒரு நாளில் பல தடவை போய்வரும் ரயில்களும் டீசல்தான். "ஊட்டி ரயிலில் போனோம்" என்று படம் போடுகிற பலர் நீராவி இன்ஜினைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். என்னுடைய முதல் பயணம் அப்படித்தான் போனது.

நீங்கள் தேட வேண்டிய வண்டி எண் 56136. மேட்டுப்பாளையத்தில் காலை 7:10-க்குக் கிளம்பும். குன்னூருக்குப் பத்தரை மணி வாக்கில் போகும், ஊட்டிக்கு நண்பகல். எதிர்த்திசையில் 56137, ஊட்டியில் மதியம் 2 மணிக்குக் கிளம்பி மாலை 5:35-க்கு மேட்டுப்பாளையம் வரும். ரயில் டிக்கெட் எடுக்கும் ஐஆர்சிடிசி தளத்தில் ஊரின் பெயரை அடித்துத் தேடும்போது 'ஊட்டி' என்று வராவிட்டால் உதகமண்டலம் என்று தேடுங்கள். நிலையக் குறியீடு: மேட்டுப்பாளையம் எம்டிபி (MTP), குன்னூர் ஓஎன்ஆர் (ONR), உதகமண்டலம் யுஏஎம் (UAM).

இன்ஜினுக்காகப் போகிறவர்கள் குன்னூர் வரை எடுத்தால் போதும். ஊட்டியைப் பார்க்காமல் திரும்பினால் வீட்டில் சண்டை வரும் என்றால் ஊட்டிவரை எடுங்கள், அது உங்கள் பாடு.

அடுத்தது வகுப்பு. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு உட்காரும் இடம் என்று இரண்டு உண்டு. முதல் வகுப்பு எடுத்தால் எல்லாமே நன்றாகத் தெரியும் என்று நினைத்து இரண்டு மடங்கு காசைக் கொடுக்காதீர்கள். மலை ஏறும்போது இந்த ரயிலில் இன்ஜின் பின்னால் இருக்கும், ரயிலைத் தள்ளிக்கொண்டே போகும். முதல் வகுப்பு இருப்பதோ முன்னால். காடும் குகையும் அருமையாகத் தெரியும். எதற்காகப் போனீர்களோ அது மட்டும் தெரியாது. இன்ஜின் பிரியர்களுக்கு இரண்டாம் வகுப்பே மேல். அதிலும் பின்பக்கப் பெட்டி கிடைத்தால் யோகம். சத்தம் முதுகிலேயே கேட்கும்.

கோடையிலும் விடுமுறைகளிலும் சிறப்பு மலை ரயில்கள் விடுவார்கள். அவற்றின் கட்டணம் வழக்கமானதைவிட நன்றாகவே அதிகம். பணம் கட்டும் முன் வண்டி எண் 0-வில் தொடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் அது சிறப்பு ரயில்.

3. எந்த மாதம்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில், மலையடிவார ஸ்டேஷனான கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரிவது, பாறை உருண்டு தண்டவாளத்தில் விழுவது, மரம் சாய்வது எல்லாம் சகஜம். சரிசெய்ய ஒரு நாளும் ஆகலாம், வாரக்கணக்கிலும் ஆகலாம். நல்ல மழை என்றால் முன்கூட்டியே ரத்து செய்துவிடுவார்கள், அதுதான் சரியும்கூட.

ஏப்ரல், மே மாதங்களில் இடம் கிடைக்காது. ஜனவரிப் பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு மார்ச் நடுப்பகுதி வரை போவதுதான் என் கணக்கில் நல்லது. காலைக் குளிரில் நீராவி வெள்ளை வெளேர் என்று கனமாகத் தெரியும். அதே இன்ஜினை மே மாத வெயிலில் பார்த்தால் பாதி நீராவி வந்த சுவடே தெரியாமல் கரைந்துவிடும். படம் எடுக்கிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

4. முன்பதிவு

இப்போது முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. முன்பிருந்த 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு போய்விட்டது. பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு நான்கு மாதம் முன்னாலேயே தேடி "வண்டியே காட்டவில்லையே" என்று குழம்பாதீர்கள். 60 நாள் என்பதில் பயண நாள் சேராது. விரல்விட்டு எண்ணி நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

திறக்கும் நேரம் காலை 8 மணி. மொத்தமே நான்கைந்து சின்னப் பெட்டிகள்தான், சனி ஞாயிறு என்றால் நிமிடங்களில் தீரும். எனவே:

முதல் நாளே ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை இணைத்துச் சரிபார்த்து முடித்துவிடுங்கள். 2025 அக்டோபரிலிருந்து முன்பதிவு திறந்ததும் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்குத்தான் முதல் வாய்ப்பு. இது தெரியாமல் என் நண்பர் 8 மணிக்குக் கணினி முன் உட்கார்ந்து, ஓடிபி வருவதற்குள் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விட்டார்.

பயணிகள் பெயர், வயதை முன்னாடியே பட்டியலில் சேமித்து வையுங்கள். பணம் யுபிஐ-யில் கட்டுங்கள், வேகமும் உண்டு, சேவைக் கட்டணமும் கொஞ்சம் குறைவு. அந்தச் சேவைக் கட்டணம் டிக்கெட்டை ரத்து செய்தால் திரும்ப வராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

செவ்வாய், புதன், வியாழனில் தேடுங்கள். ஒரு நாள் லீவு போட்டால் போதும், இடம் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவோ கூடும்.

காத்திருப்போர் பட்டியலில் 5, 6 என்று வந்தால் "மதுரை – சென்னை வண்டியில் 80 வரைக்கும் கிடைச்சிருக்கே" என்று தெம்பாக இருக்காதீர்கள். அது பெரிய வண்டி, நிறையப் பேர் ரத்து செய்வார்கள். இங்கே யாரும் ரத்து செய்வதில்லை. இணையத்தில் எடுத்த டிக்கெட் கடைசிவரை உறுதியாகாவிட்டால் தானாகவே ரத்தாகிவிடும், அதை வைத்துக்கொண்டு ஏற முடியாது. காலை ரயில் என்பதால் பயணிகள் பட்டியலை முதல் நாள் இரவே போட்டுவிடுகிறார்கள். இதில் ஒரு நன்மை உண்டு, உறுதியாகவில்லை என்றால் ராத்திரியே தெரிந்துவிடும்.

முன்பதிவில்லாத இடம் கொஞ்சம் காலையில் மேட்டுப்பாளையம் கவுண்டரில் கொடுப்பதுண்டு. விடியுமுன் வரிசையில் நிற்க வேண்டும், நின்றாலும் நிச்சயம் இல்லை. தனியாளாகப் போகிறவர்கள் முயலலாம். குழந்தை குட்டியோடு இதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

நான் எடுத்தபோது மேட்டுப்பாளையம் – ஊட்டி இரண்டாம் வகுப்பு 295 ரூபாய், முதல் வகுப்பு 600. குன்னூர் வரை என்றால் இதைவிடக் குறைவு. இதே டிக்கெட்டுக்கு ஒரு தரகர் என்னிடம் ஆளுக்கு 1,500 கேட்டார்.

5. கையில் இருக்க வேண்டியவை

உறுதியான டிக்கெட் செல்போனில் இருந்தால் போதும். அடையாள அட்டை அசலாக வேண்டும்: ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பான் என்று ஏதாவது ஒன்று. லாட்ஜில் அறை எடுக்கவும் அடையாள அட்டை கேட்பார்கள், எல்லாரிடமும் கேட்பார்கள், ஒருவரிடம் மட்டும் அல்ல.

நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டுமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2024 மே மாதத்திலிருந்து அந்த நடைமுறை இருக்கிறது, ஆனால் அது சொந்த வண்டி, வாடகை வண்டியில் போகிறவர்களுக்கு. ரயிலிலும் அரசு பஸ்ஸிலும் போகிறவர்களுக்குத் தேவையில்லை. போகும்போது ரயில், திரும்பக் கூட்டிவர நண்பரின் கார் மேலே வரும் என்று திட்டமிட்டால், அந்தக் காருக்குப் பாஸ் எடுத்தாக வேண்டும்.

தண்ணீரை ஸ்டீல் பாட்டிலில் கொண்டுபோங்கள். மலை மாவட்டத்தில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, அபராதமும் உண்டு.

வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி வேண்டாம். காரணம் போனால் தெரியும். கண்ணாடி போடாதவர்கள் சாதாரண கூலிங்கிளாஸ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், பின்பெட்டியில் தலையை நீட்டினால் கண்ணில் கரித்தூள் விழும்.

6. மேட்டுப்பாளையம் போய்ச் சேர்வது

7:10 ரயிலைப் பிடிக்க மதுரையிலிருந்து ராத்திரி கிளம்பிப் போகலாம் என்ற எண்ணமே என் இரண்டாம் பயணத்தைக் கெடுத்தது. வழி இதுதான்: ஆரப்பாளையத்தில் கோவை பஸ். ஐந்து முதல் ஆறு மணி நேரம். அந்தப் பஸ் கோவையில் சிங்காநல்லூரில் இறக்கிவிடும். மேட்டுப்பாளையம் பஸ்ஸோ காந்திபுரத்திலும் மேட்டுப்பாளையம் ரோட்டிலும்தான் கிடைக்கும். நடுவில் டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். அங்கிருந்து இன்னும் 35 கிலோமீட்டர். காகிதத்தில் கூட்டிப் பார்த்தால் சரியாகத்தான் வரும். பல்லடம் பக்கம் பஸ் டயர் பஞ்சரானால் எல்லாம் போச்சு. எனக்கு அதுதான் நடந்தது.

மதுரை வழியாகக் கோவை போகும் இரவு ரயில் உண்டு, ஆனால் அது கோவைக்கே விடிந்துதான் போய்ச் சேரும். உதவாது.

ஆகவே முதல் நாளே போய்விடுங்கள். காலையில் மதுரை – கோவை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி வழியாக மதியவாக்கில் கோவை போகும். பழனி மலை ஜன்னலில் தெரியும்போது ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே போகலாம். கோவை ஸ்டேஷனிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பயணிகள் ரயில் உண்டு, ஞாயிறு என்றால் மட்டும் நேர அட்டவணையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்தில் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் அறை எடுங்கள். நான் இரண்டு பேருக்கு 900 ரூபாய் கொடுத்தேன், வெந்நீர் வரும் என்றார்கள், வரவில்லை.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை ஆறு மணி சுமாருக்கு அவர்களை நேராக மலை ரயிலுக்குப் பக்கத்து பிளாட்பாரத்திலேயே கொண்டுவந்து விட்டுவிடும். நமக்குத்தான் இந்தச் சுற்று.

7. காலை 6 மணிக்கு ஸ்டேஷனில் இருங்கள்

இது கட்டளை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரயில் கிளம்புவதைவிட, ஷெட்டிலிருந்து இன்ஜின் வந்து பெட்டிகளோடு சேர்வதுதான் காட்சி. இருட்டு பிரியும் நேரத்தில், சிலிண்டர் அடியில் நீராவியைச் சீறிவிட்டுக்கொண்டு, மெதுவாகப் பின்னுக்கு வந்து இடிபடாமல் ஒட்டும். பத்து, பதினைந்து நிமிடம்தான். அந்த நேரத்தில் மற்றவர்கள் ஸ்டேஷனுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

இன்ஜினில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். எக்ஸ் வகுப்பு இன்ஜின்கள் இவை. 37396 முதல் 37399 வரை என்றால் பொன்மலையில் 2011 முதல் செய்தவை. அதற்கு முந்திய எண் என்றால் சுவிட்சர்லாந்தில் வின்டர்தூர் நகரத்து எஸ்எல்எம் கம்பெனி செய்தது. பெரும்பாலும் எண்ணெயில் எரிபவையே வரும், கரி அள்ளிப் போடுகிற இன்ஜின் எந்த நாளில் வரும் என்பது உங்கள் அதிர்ஷ்டம். பேச்சுவழக்கில் கரி இன்ஜின் என்று தலைப்பு வைத்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிரைவரிடமும் ஃபயர்மேனிடமும் பேசலாம், ஆனால் அவர்கள் இன்ஜினை மாட்டி, பிரேக் சோதனை முடித்த பிறகு. "அண்ணே, ஒரு நிமிஷம் பார்த்துக்கலாமா?" என்று கேட்டால் கீழே நின்று பார்க்க விடுவார்கள். மேலே ஏறக் கேட்காதீர்கள். அவர்களுக்குத்தான் சிக்கல் வரும்.

8. ஓடும்போது எதைக் கவனிப்பது

கல்லாறு வரை சமதரைதான். தென்னையும் பாக்குத் தோப்புமாகப் போகும். இந்தப் பகுதியில் இன்ஜின் வேறெந்த நீராவி இன்ஜினையும் போலத்தான் ஓடும், மணிக்கு 30 கிலோமீட்டர் வரை. இந்தச் சத்தத்தை நன்றாகக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு ஒப்பிட உதவும்.

கல்லாறில் தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய இரும்புச் சட்டங்கள் தொடங்குகின்றன. இரண்டு சட்டங்கள், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதின் பள்ளம். ஆப்ட் முறை என்பார்கள். இன்ஜினின் அடியில் இருக்கும் பல்சக்கரம் இந்தப் பற்களைக் கவ்விக்கொண்டு ஏறும். இந்தியாவில் இப்படி ஓடும் ரயில் பாதை இது ஒன்றுதான். ஏற்றம் ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி. சாதாரணச் சக்கரத்தால் முடிகிற காரியமில்லை.

இப்போது சத்தத்தைக் கேளுங்கள். இந்த இன்ஜினுக்குப் பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர், கீழே ஒன்று, மேலே ஒன்று. கல்லாறு வரை கீழே உள்ளது மட்டும் வேலை செய்தது. பல்சட்டம் தொடங்கியதும், கீழ்ச் சிலிண்டரில் வேலை முடித்த நீராவியை வெளியே விட்டுவிடாமல் மேல் சிலிண்டருக்கு அனுப்புகிறார்கள், அது பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஒரே ஆவியில் இரண்டு வேலை, நம் வீட்டில் இட்லிக்கு வைத்த கொதியிலேயே பக்கத்தில் முட்டையை அவிப்பதைப் போல. தடதடவென்று ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் திடீரென்று கனமாக, இழுத்து இழுத்து மூச்சுவிடும். வேகம் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போகாது. வளைவுகளில் பின்பெட்டியிலிருந்து பார்த்தால் மேலும் கீழும் தண்டுகள் தனித்தனியே சுழல்வது தெரியும். நான் நான்கு முறை அலைந்தது இந்தக் காட்சிக்குத்தான். மாமாவிடம் போனில் சொன்னேன். "திருச்சியில நிக்கிறதைப் பார்த்துட்டுப் போடான்னு சொன்னேனா இல்லையா?" என்றார்.

ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக்ஸ்மேன் ஒருவர் நிற்பார். இன்ஜின் பின்னால் இருப்பதால் டிரைவருக்கு முன்னால் பாதை தெரியாது. முன்பெட்டிக்காரர் கொடி காட்ட, அடுத்தவர் காட்ட, அப்படியே டிரைவர் வரை போகும். யாரும் இதைக் கவனிப்பதில்லை. கவனியுங்கள்.

ஹில்குரோவ் போன்ற நிலையங்களில் தண்ணீர் பிடிக்க நிற்கும். இறங்கலாம், இன்ஜின் பக்கம் நடந்து போகலாம், டீ குடிக்கலாம். குரங்குகள் உண்டு, பையை மூடி வையுங்கள். கார்டு விசில் அடித்ததும் ஓடிவந்து ஏறிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: படம் எடுக்கிறேன் என்று பாதையிலே நடப்பது, குகைக்குள் போவது, படியில் தொங்குவது எதுவும் வேண்டாம். ரயில்வே சட்டப்பிரிவு 147-இன்படி பாதையில் அத்துமீறி நடந்தால் 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டுமேகூட. 16 குகைகள் இருக்கின்றன, பாறைக்கும் பெட்டிக்கும் இடைவெளி கொஞ்சம்தான். ஜன்னலுக்கு வெளியே கேமராவை நீட்டிப் பிடித்த ஒருவர் லென்ஸ் மூடியைப் பறிகொடுத்ததை நானே பார்த்தேன். மூடியோடு போனது அவர் அதிர்ஷ்டம்.

இன்னொன்று. இது மீட்டர்கேஜ் பாதை, தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர்தான். போடி லைன் அகலப்பாதை ஆவதற்கு முன் அதில் போனவர்களுக்கு அந்த ஆட்டமும் குலுக்கலும் உடம்புக்கே அடையாளம் தெரியும். எனக்குத் தெரிந்தது.

9. குன்னூரில்

இறங்கியதும் வெளியே ஓடாதீர்கள். இன்ஜின் கழன்று ஷெட்டுக்குப் போவதைப் பாருங்கள். ஷெட் ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது, பிளாட்பாரத்திலிருந்தே ஓரளவு தெரியும். உள்ளே போக அனுமதி வேண்டும். மலை ரயில் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தில் வருகிறது, மதுரைக் கோட்ட அலுவலகத்தில் கேட்டுப் பயனில்லை. அங்கே ஒரு நாள் முழுக்க நான் வரிசை வரிசையாக நின்றதை நினைத்தால் இன்றும் சிரிப்புதான். யார், எத்தனை பேர், எந்தத் தேதி, எதற்காக என்று ஒரு பக்கத்தில் எழுதி, அடையாள அட்டை நகலோடு சேலம் கோட்ட மேலாளர் அலுவலகத்துக்கு ஒரு மாதம் முன்பே அனுப்புங்கள். பதில் வராமலும் போகலாம், வராவிட்டால் உள்ளே நுழைய முயல வேண்டாம். செல்போனில் பிளாட்பாரத்திலிருந்து படம் எடுப்பதை யாரும் என்னைத் தடுத்ததில்லை. ட்ரோன் எடுத்துக்கொண்டு வரவே வராதீர்கள்.

10. திரும்புவது

இரண்டு வழி. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில் மேட்டுப்பாளையம் வந்துவிடலாம். அல்லது சிம்ஸ் பூங்காவில் பொழுதைப் போக்கிவிட்டு, மூன்றே கால் மணி சுமாருக்குக் குன்னூர் வரும் 56137-இல் ஏறி மலை இறங்குங்கள். அதற்கும் தனியாக முன்பதிவு வேண்டும், ஏறும் டிக்கெட் எடுக்கும்போதே சேர்த்து எடுத்துவிடுங்கள். இறங்கும்போது இன்ஜின் முன்னால் இருக்கும், ரயிலை இழுப்பதற்கல்ல, அதன் பாரத்தைத் தாங்கிப் பிடிப்பதற்கு. சத்தமும் வேறு. ஏறியது ஒருவரின் முனகல் என்றால் இது சீழ்க்கை. கையில் காசும் நேரமும் இருந்தால் இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

மேட்டுப்பாளையத்தில் 5:35-க்கு இறங்கினால் மதுரை வந்து சேர நடுநிசி தாண்டும். மறுநாள் காலை வேலை இருப்பவர்கள் பஸ் வழியையே பிடியுங்கள்.

11. ரயில் ரத்தானால்

மண்சரிவால் ரயிலே ரத்து என்று ரயில்வே அறிவித்தால், இணையத்தில் எடுத்த டிக்கெட்டின் கட்டணம் முழுசாகத் தானே கணக்குக்கு வந்துவிடும். பதற்றத்தில் நீங்களே 'ரத்து செய்' பொத்தானை அழுத்திவிடாதீர்கள், அப்போது பிடித்தம் போகத்தான் வரும். நான் அழுத்தினேன். ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் பயணம் செய்யவில்லை என்றால், ரயில் கிளம்புவதற்கு முன்பே டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்கும் மனு) பதிவு செய்ய வேண்டும். கவுண்டரில் எடுத்த டிக்கெட் என்றால் கவுண்டருக்கே போக வேண்டும்.

லாட்ஜ் வாடகையும் பஸ் கட்டணமும் யாரும் திருப்பித் தரமாட்டார்கள். எனவே கிளம்பும் முதல் நாள் காலை குன்னூர் மழை நிலவரத்தைச் செய்தியில் பார்த்துவிட்டுப் பையைக் கட்டுங்கள்.

12. மொத்தச் செலவு

ஒருவருக்கு, இரண்டாம் வகுப்பு, ஒரு ராத்திரித் தங்கல் (அறையைப் பகிர்ந்து), பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. முதல் மூன்று முறை வீணாய்ப் போனதைச் சேர்த்தால் வேறு கணக்கு, அதை வீட்டில் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. வந்ததும் அந்தச் சட்டையை மற்ற துணிகளோடு வாஷிங்மெஷினில் போடாதீர்கள். எண்ணெய்ப் புகையில் வரும் கறை பரவும். தனியாக ஊறவைத்து, சோப்பைத் தேய்த்து, இரண்டு தடவை அலசுங்கள். அப்போதும் காலரில் கொஞ்சம் நிற்கும்.